புற்றுநோய் நீங்கிய பின் குடும்ப வைத்தியரின் துணை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புற்றுநோயைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதனை முன்னதாகக் கண்டறிதலையும் அதற்குரிய சிகிச்சையையுமே எடுத்துரைப்பர். யான் இன்று பேசப் புகுந்த விஷயம் அதற்கு அடுத்தது. சிகிச்சை முடிந்து, "இனி வீட்டிற்குச் செல்லலாம்" என்று பெரிய ஆஸ்பத்திரியார் விடைகொடுத்த பின், அவரைக் கவனித்துக்கொள்வார் யார் என்பதே அது.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் வருஷத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய காலத்தில், இந்நோய் கண்டவர் மீள்வது அரிதென்றே ஜனங்கள் எண்ணினர். இக்காலத்திலோ மீண்டோர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அமெரிக்க வைத்தியரும், தாமே இந்நோயுற்று மீண்டவருமான பிட்ஸ்ஹியூ மல்லன் என்பார், மீண்ட வாழ்வும் பல பருவங்களையுடையது என்று 1985இல் எழுதினார். செய்த சிகிச்சையின் சுருக்கத்தையும் இனிச் செய்யவேண்டுவனவற்றையும் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தல் வேண்டும் என்று, 2005இல் அந்நாட்டு வைத்திய அறிஞர் கழகம் வற்புறுத்தியது.

இதன் காரணம் யாதெனில், நோயை நீக்கும் சிகிச்சையே சில பின்விளைவுகளை வைத்துச் செல்லுதல் கூடும். டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து பல வருஷங்கள் கழித்தும் இருதயத்தைத் தளர்த்தலாம். கழுத்தில் கதிர் சிகிச்சை, அதாவது நம் ஜனங்கள் கூறும் 'கரண்டு', பெற்றவருக்குத் தைராய்டுச் சுரப்பு குன்றலாம். அச்சோர்வை மூப்பென்று எண்ணி வாளாவிருப்பர். ஓர் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். தாடையில் கதிர் பட்டவர் அதனைச் சொல்லாது பல்லைப் பிடுங்கிக்கொண்டால், எலும்பு ஆறாது கெடக்கூடும். டமாக்ஸிபென் உட்கொள்ளும் பெண்மணி, மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இவற்றை முதலில் கண்டுகொள்ளத்தக்கவர், நம் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவரும் உள்ளூர் வைத்தியரே. ஆயின் நடந்ததை அறியாத வைத்தியர் என் செய்வார்?

இங்கேதான் நம்மவர்களிடமுள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லாதிருக்க இயலவில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் தடைப்படுமென்று அஞ்சி, வெளியூரில் சிகிச்சை பெற்று, கடிதங்களைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைப்பது நோயை அன்று. நோயாளிக்கு வரவேண்டிய உதவியையே. புற்றுநோய் தொற்றுநோயன்று. பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. அக்குடும்பங்களிலும் உண்மையை அறிந்தால் உறவினர் முன்னதாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். வைத்தியரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதும் ஆகாது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் தர்மம்.

ஆதலால் அன்பர்களே, யான் வேண்டிக்கொள்வன மூன்று. சிகிச்சை முடிந்ததும் மருந்தின் பெயர், அளவு, கதிர் பட்ட இடம், இனிச் செய்யவேண்டிய பரிசோதனைகள் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அதன் பிரதியைக் குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். சம்பந்தம் பேசுமிடத்தில், நோயினின்று மீண்ட ஒருவர் இருக்கும் குடும்பத்தைக் குறைகூறி விலக்காதீர்கள். மூன்றாவதை நாம் செய்தாலன்றி முதலிரண்டையும் அஞ்சுவோர் செய்யார். அவ்வச்சத்தைப் போக்குதல் ஒரு குடும்பத்தால் ஆகாது. சங்கமாகக் கூடிய நம்மால் ஆகும்.