கதிர் சிகிச்சையில் கணினியின் பங்கு



வீட்டில் ஒருவருக்குத் தொண்டைப் புற்றுநோய் என்றால், கதிர் சிகிச்சை என்ற பேச்சிலேயே குடும்பம் கலங்கிவிடுகிறது. அதில் கணினி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் சற்றுக் குறையும்.

முதலில் சி.டி. ஸ்கேன். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, எலும்புக்குப் பல நூறு. கதிர் எங்கே எவ்வளவு போய்ச் சேரும் என்பதை இந்த எண்களைக் கொண்டே கணினி கணக்கிடுகிறது.

அடுத்தது எல்லை வரைதல். கட்டி, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றை ஒவ்வொரு படத்திலும் டாக்டர் கையால் வரைய மணிக்கணக்காகும். உறுப்புகளின் எல்லையை இப்போது கணினி சில நிமிஷங்களில் வரைந்து தருகிறது. ஆனால், கட்டிக்கு வழக்கமாக 70 கிரே அளவு கதிர். தண்டுவடத்துக்கோ 50-ஐத் தாண்டக் கூடாது. சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஆபத்து. ஆகவே டாக்டர் பார்த்துத் திருத்திய பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும்.

இத்தனை நுணுக்கத்தால் பலன் உண்டா? 2011-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், ஓராண்டுக்குப் பின் மிதமான அல்லது கடும் வாய் வறட்சி பழைய முறையில் நூற்றுக்கு 74 பேருக்கு. சுரப்பியை விலக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் 38 பேருக்கு.

ஒரு வேண்டுகோள். ஏழு வார சிகிச்சையில் உடம்பு இளைக்கும். தலை அசையாதிருக்கப் போடும் முகமூடி தளரும். தளர்ந்தால் அன்றே சொல்லுங்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.