எழுத்தும் தூரிகையும்: அடவி பாபிராஜு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் விழாவில் ஒரு தெலுங்கு எழுத்தாளரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் குடியேறி வாழும் இத்தெலுங்கு நாட்டின் பழமையைக் காதற் கதைகளாக எழுதியவர், ஓவியமும் தீட்டியவர், அடவி பாபிராஜு. இந்நாட்டு நீரைப் பருகும் நாம் அவரை அறியாதிருத்தல் முறையன்று.

பாபிராஜு 1895 ஆம் ஆண்டு பீமவரம் பகுதியில் பிறந்தார். இராஜமகேந்திரவரம் அரசுக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஆஸ்வால்ட் கூல்ட்ரே என்னும் ஆங்கிலேயர் தாமே கவிஞர், ஓவியர். அவர் இம்மாணவரின் கலையுள்ளத்தைக் கண்டு ஊக்குவித்தார். இளவயதிலேயே 1925 இல் மறைந்த ஓவியர் தாமெர்ல ராமராவும் அவர் ஆதரவில் வளர்ந்தவரே. பாபிராஜு பின்னர் மசூலிப்பட்டினத்து ஆந்திர ஜாதீய கலாசாலையில், வங்கத்திலிருந்து வந்த பிரமோத குமார சட்டர்ஜியிடம் ஓவியம் பயின்றார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சென்னையில் சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1930களில் அதே கலாசாலைக்கு முதல்வரானார். திரைப்படங்களுக்குக் கலை இயக்குநரானார். 1940களில் ஹைதராபாத்தில் 'மீஜான்' என்னும் தெலுங்கு நாளிதழுக்கு ஆசிரியரானார்.

காதல் நாவல் என்றவுடன் பொழுதுபோக்குச் சரக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. பாபிராஜுவின் 'நாராயணராவ்' அவர்களுக்குத் தக்க விடை. ஜமீன்தார் மகளை மணக்கும் இளைஞன் ஒருவனின் கதை அது. மணமான பின்னரே மனைவியின் நெஞ்சில் காதல் மெல்ல மலர்கிறது. அன்றைய ஆந்திர சமூகமும் தேசிய இயக்கமும் அக்கதையில் கலந்துள்ளன. 1934 இல் ஆந்திரப் பல்கலைக்கழகப் பரிசை அந்நாவலும் விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயி படகலு'வும் பகிர்ந்துகொண்டன.

அடுத்துச் சரித்திர நாவல்கள். சாதவாகனர் காலத்து 'ஹிமபிந்து'வில் வணிகர் மகள் ஒருத்திக்கும் சிற்பி ஒருவனுக்கும் காதல் மலர்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனச் சிற்பியின் மகளைக் கண்ட நமக்கு இவ்வுலகம் புதிதன்று. ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்குச் சித்திரம் தீட்ட மணியம் இருந்தார்; பாபிராஜுவிடமோ பேனாவும் தூரிகையும் ஒரே கையில் இருந்தன. சிற்பியின் உளியோசையை அவர் எழுதும்போது, கலைஞன் ஒருவன் தன் தொழிலைத் தானே பேசுகிறான்.

2015 இல் வெளிவந்த 'ருத்ரமாதேவி' திரைப்படத்தில் கோன கன்னாரெட்டியைக் கண்டு ஆரவாரித்த இளைஞர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அவ்வீரனின் பெயரையே தலைப்பாக்கிக் காகதீயர் கால நாவல் ஒன்றைப் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதியவர் இவர்தாம்.

இக்கதைகளால் விளைந்த பயன் யாது? ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'அடவி சாந்திஸ்ரீ' இக்ஷ்வாகு அரசர் காலத்துக் கதை. அவர்களுடைய தலைநகராகிய விஜயபுரி நாகார்ஜுனகொண்டாப் பள்ளத்தாக்கில் இருந்தது. 1967 இல் நிறைவெய்திய நாகார்ஜுனசாகர் அணையின் நீரில் அப்பள்ளத்தாக்கு மூழ்கிவிட்டது. அணை வயல்களை வாழ்விக்கிறது. அதைக் குறைகூற வரவில்லை. அகழ்ந்தெடுத்த சிற்பங்கள் தீவின் அருங்காட்சியகத்தில் உள்ளன. நாம் குடும்பத்தோடு படகேறிச் சென்று, ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்புகிறோம். நாவலைப் படித்தவனுக்கோ அக்கற்கள் வெறுங்கற்கள் அல்ல; அந்நகரில் மனிதர் வாழ்ந்தனர், காதலித்தனர் என்று அவன் அறிவான். நீர் மூடிய ஊரில் பாபிராஜு ஆட்களைக் குடியேற்றி வைத்திருக்கிறார். 1952 இல் மறைந்த அவர் அந்த அணையைக் கண்டவரல்லர்.

அன்பர்களே, நம் சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறது. அது நம் கடமை. ஆனால் அப்பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள்; நம்மில் பலருக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாத மொழி அவர்களுக்கு எளிதாக வருகிறது. தேர்வு முடிந்ததும் அது மறக்கப்படுவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கோடை விடுமுறையில் 'ஹிமபிந்து'வை ஒரு பிள்ளை தெலுங்கில் படிக்கட்டும். படித்ததை இரவு உணவுக்குப் பின் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். அவ்வீட்டில் இரு மொழிகளும் வளரும். இந்த மண்ணும் நமக்கு அயலாக இராது.