பழைய சைக்கிள், புது டயர்

பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கும் பழைய ரேஸ் சைக்கிளைத் திரும்ப ஓட்ட நினைப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று.

போன மாதம் என் 27 அங்குல சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, பேஸ்மென்ட் சரிவில் இறக்கினேன். டயர் தேய்ந்திருக்கவே இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. சுவரில் உரசித்தான் நின்றேன். நல்லவேளை, கீழே பிள்ளைகள் யாரும் விளையாடிக்கொண்டிருக்கவில்லை.

ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெடும். பிரேக் கட்டை கல்லாக இறுகிவிடும். டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஏறி உட்காரும் முன் இந்த மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

டயர் வாங்கும்போது கவனம். 27 அங்குல டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் 630 மி.மீ. இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் 700சி டயருக்கு 622. வித்தியாசம் 8 மி.மீ.தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது. பழைய டயரில் உள்ள அளவைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாற்றியதும் முதலில் சமதளத்தில் ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சரிவில் இறங்குவது அதற்குப் பிறகுதான்.