எப்ப இறக்குனது?



கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக எல்லையைத் தாண்டினால் வரும் ஊர்கள் வடகரப்பதி, ஒழலப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சிற்றூர் வட்டம். வீட்டுப் பேச்சு தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். மலைக்கு மேற்கே கொட்டுகிற மழை இந்தக் கிழக்குப் பக்கத்துக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னை. காலையில் இந்தத் தோப்புகளில் இறக்கும் கள்தான் கேன்களில் நிரம்பி, வண்டியேறி, கேரளத்தின் பல மாவட்டத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் என்னைப் பெங்களூரில் ஒயின் சுவைக்கும் குழு ஒன்றின் விருந்துக்கு அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு பேர். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தார்கள். முகர்ந்தார்கள். ஒரு மிடறை நாக்கில் நிறுத்தி வைத்துப் பிறகு விழுங்கினார்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமாக ஓர் உணவு வந்தது. அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு புட்டி வரும்போதும் யாராவது ஒருவர் முதலில் கேட்டது, "எந்த வருஷம்?"

அதைக் கேட்டதும் தென்னந்தோப்புகள் சூழ்ந்த எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தோப்பில் மரமேறிய பெரியவர் ஒருவர் சொல்வார்: "எப்ப இறக்குனதுன்னு கேட்டுப்போட்டு அப்பறம் கையில வாங்கோணும் கண்ணு." ஒயினுக்கு வருஷம் என்றால் கள்ளுக்கு மணி.

காரணத்தைச் சொல்கிறேன். தென்னையின் விரியாத பாளையை இறுகக் கட்டி, நுனியைச் சீவி, எலும்பாலோ கட்டையாலோ நாள்தோறும் பதமாகத் தட்டிவர வேண்டும். சில நாள் கழித்துத்தான் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் ஏறி, மெல்லிசாகச் சீவி, முட்டி என்கிற கலயத்தில் சேர்ந்ததை இறக்க வேண்டும். ஒரு மரம் ஒரு நாளைக்குத் தருவது ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு லிட்டர். பாளையை விட்டு வரும்போது அது வெறும் இனிப்பு நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அப்படியே பதநீராக நிற்கும். தடவாவிட்டால், முட்டியில் ஒட்டியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். திராட்சைச் சாறு பல நாளும் பல மாதமும் எடுத்துச் செய்வதைத் தென்னஞ்சாறு ஒரே பகலில் செய்து முடிக்கிறது.

அதனால் ஒரே மரத்துக் கள்ளைக் காலை, மத்தியானம், அந்தி என்று மூன்று முறை ருசித்தால் மூன்று வேறு பானங்கள். நாங்கள் நாலைந்து பேர் ஒரு நாள் தோப்பிலேயே உட்கார்ந்து அப்படிச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அரை டம்ளர்தான். காலை ஏழு மணிக் கள் இளநீரின் தங்கச்சி மாதிரி. இனிப்பு முன்னே வரும், நுரை நாக்கைச் சுருக்கென்று தொடும். மத்தியானம் வெண்மை கூடி, இனிப்பு பின்வாங்கி, மோரின் புளிப்பு ஏறியிருந்தது. அந்தியில் இனிப்பு இல்லவே இல்லை. தொண்டையில் சூடு, மூக்கில் பழுத்த பலாச்சுளை மாதிரி ஒரு வாடை. மறுநாள்வரை வைத்தால் காடிதான். அதையும் வீணாக்காமல் கறிக்கு ஊற்றுவார்கள்.

உணவும் அந்த மணியோடு ஒத்துப்போக வேண்டும். காலைக் கள்ளுக்கு வெந்த கப்பைக் கிழங்கும், காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் நசுக்கிய சம்மந்தித் துவையலும் போதும். கள்ளுக்கடைகளில் காரமான குடல் வறுவலைக் கொண்டுவந்து இளங்கள்ளோடு வைப்பார்கள். அந்தக் காரம் கள்ளின் மென்மையைக் கொன்றுவிடும் என்பது என் கருத்து. குடலும் மாட்டிறைச்சியும் அந்திக் கள்ளின் புளிப்புக்குத்தான் சேரும். மத்தியானக் கள்ளோடு மலம்புழை அணை மீனைப் போட்டுப் புளி கரைத்து வைத்த குழம்பு. என்னைக் கேட்டால் மூன்றிலும் அதுதான் சிறந்த பொருத்தம்.

இந்த ருசி பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை அவன் அருந்தட்டும் என்கிறார். புறநானூற்றின் 56ஆம் பாட்டு அது. தேறல் என்றால் தெளிந்த கள். அதன் தெளிவையும் மணத்தையும் குளிர்ச்சியையும் தனித்தனியே கவனித்த நாக்குகள் இருந்திருக்கின்றன. திருமுருகாற்றுப்படையில் கானவர்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளை உறவினரோடு அருந்துகிறார்கள். அதியமான் மறைந்தபின் அவ்வை பாடிய இரங்கற்பாட்டு, கொஞ்சம் கள் கிடைத்தால் அவன் தமக்குத் தந்ததையும் நிறையக் கிடைத்தால் கூடியிருந்து மகிழ்ந்ததையும் நினைத்துத்தான் தொடங்குகிறது. யவனர் தேறலுக்கும் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம். மேற்குக் கடற்கரைக்கும் கொங்குக்கும் நடுவே, மலைத்தொடர் விட்டுக்கொடுத்த ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலக் கணவாயில்தான் வடகரப்பதி இருக்கிறது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் இந்த வழியாக நடந்த வணிகத்தின் மிச்சம். அந்த வண்டிகளில் யவனர் மதுச்சாடி ஒன்றாவது வந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஆசை.

இன்று அதே கணவாயின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. வேலந்தாவளத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கத் தென்னையில் கள் இறக்கினால் குற்றம். கேரளப் பக்கம் கலால் துறை மரத்துக்கு எண் போட்டு வரி வாங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மரம், உறவும் ஒன்று.

அந்தப் பக்கமும் எல்லாம் நல்லபடியாக இல்லை. மரம் தருவதைவிடக் கடைகளுக்கு வேண்டியது அதிகமாகும்போது தண்ணீரும் சாக்கரினும், அதைவிடக் கொடுமையாக மயக்க மருந்தும் கலக்கிறார்கள். இது என்னைக் கோபப்படுத்துகிறது. மரத்தின் உச்சியில் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் சீவியதைக் கீழே நிற்பவன் கெடுக்கிறான். மயக்க மருந்தை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் சாக்கரினைப் பிடித்துவிடலாம். உண்மையான கள்ளின் இனிப்பை ஈஸ்ட் மணிக்கு மணி தின்று தீர்க்கும். சாக்கரினை அதனால் தின்ன முடியாது. ஆகவே அந்தியிலும் ஒரு கள் காலையைப் போல இனித்தால், கடைசியில் நாக்கில் ஒரு கசப்பும் தங்கினால், அந்த டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள்.

எங்கள் தோப்பில் மரமேறிய அந்தப் பெரியவர் கள்ளை யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் முட்டியைக் காதருகே வைத்துக் கேட்பார். நுரை பொரியும் சத்தம் உள்ளே இருக்கும். காலையில் விறுவிறுவென்று கேட்கும், நேரம் ஆக ஆக அடங்கும். "இன்னும் பேசுது, குடிக்கலாம்" என்பார். ஒருமுறை என் காதிலும் வைத்தார். தூரத்தில் வேலிக்கு அந்தப்புறம் நடவு வயலில் தூறல் விழுவது மாதிரி இருந்தது.