நாற்பத்தொன்பது விழுக்காடும் ஓர் ஆர்டரும்



ராக்கெட் தொழிலில் அரசுப் பணம், அந்நிய முதலீட்டு வரம்பு என்ற தலைப்பை வட்டக்கோட்டையில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கினார். இந்தக் கோட்டையும் அவர் காலத்தில்தான் வலுப்பெற்றது. வித்தை வெளிநாட்டாருடையது, சம்பளம் திருவிதாங்கூர்க் கஜானாவிலிருந்து போனது, கோட்டைச் சாவி அரசரிடம் இருந்தது.

சாவி யாரிடம் என்ற அதே கேள்விக்குத்தான் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முதலீட்டு விதி சதவீதத்தில் பதில் சொல்கிறது. செயற்கைக்கோள் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் முன் அனுமதியின்றி 100 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பணம் வரலாம். செயற்கைக்கோள் செய்து இயக்குவதென்றால் 74. ராக்கெட்டுக்கும் ஏவுதளத்துக்கும் 49. ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், அதனால்தான் இந்தக் கெடுபிடி. 49ஐத் தாண்டவே முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். தாண்டலாம், டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும்.

வரம்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி காட்டுகிறது. 1974இல் இஸ்ரோ பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. நம் பொறியாளர்கள் அங்கே வைக்கிங் எஞ்சின் வேலையில் உழைப்பது, கைம்மாறாக அந்த நுட்பத்தைப் பெறுவது. பங்கு எதுவும் கைமாறவில்லை. அந்தக் குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். இங்கே செய்த எஞ்சின் 1985இல் பிரான்சின் வெர்னானில் எரிந்து தேறியது. அதுதான் விகாஸ், இன்றும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளுகிறது. கிரையோஜெனிக் எஞ்சினை 1991இல் சோவியத் யூனியனிடம் காசு கொடுத்து வாங்கப் போனோம். அமெரிக்க நெருக்கடியில் 1993இல் நுட்பம் தர முடியாதென்று ரஷ்யா சொல்லிவிட்டது, எஞ்சின் மட்டும் வந்தது. சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றி பெற 2014 ஜனவரி ஆயிற்று. அத்தனை வருஷமும் தோல்விக்கும் சேர்த்துச் செலவழித்தது அரசு. பங்குச் சந்தையாக இருந்தால் பாதியில் கையை உதறியிருக்கும்.

இப்போது தனியார் வந்திருக்கிறார்கள். சென்னை அக்னிகுல் 2024 மே 30 அன்று முப்பரிமாண முறையில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைப் பறக்கவிட்டது. இவர்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும்? 2024 அக்டோபரில் 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதி அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்பேஸ்எக்ஸைத் தூக்கி நிறுத்தியது வேறொன்று. மூன்று ராக்கெட் விழுந்து நாலாவது தேறிய 2008இல், நாசா 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பங்கு கேட்கவில்லை, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர் என்றது. ஆர்டர் கையில் இருந்தால் கம்பெனி தன் பங்கை மலிவாக விற்க வேண்டியதில்லை. அது இல்லாதவனுக்கு 49 விழுக்காட்டுக்குள்ளேயே பிடி போய்விடும். முதல் போட்டவன் சொல்வதுதான் சட்டம்.

நம் பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே நிறைய எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேரே தெற்கு. தளத்துக்காக இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் போயிருக்கிறது. நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள் என்ன வேலை வரும் என்று கேட்பது நியாயம். வருஷத்துக்கு இத்தனை ஏவுதல், இன்ன எடை, இன்ன விலை என்று ஐந்து வருஷத்துக்கு மத்திய அரசு எழுதிக் கொடுக்கட்டும், முன்பணமும் போடட்டும். அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்குப் புது மெஷின் வாங்க வங்கி கடன் கொடுக்கும்.