பெட்டியடியில் கிடக்கும் தாள்கள்



1907-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையினின்று அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் பெற்ற அவ்விதழை 1914-இல் தாம் மறையும்வரை நடத்தினார். பின்னர் நெடுங்காலம் அவரைப் பலர் மறந்தனர். 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த நூல்கள் பாளையங்கோட்டையினின்று வெளிவந்தபோதே தமிழுலகம் அவரை மீண்டும் படித்தது. இதழ்த்தாள்கள் எஞ்சியிருந்தமையாலன்றோ அத்தொகுப்பு கைகூடிற்று!

புதுவையிலோ, 1881-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணைப்படி தம் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்தோர் புதிய குடும்பப்பெயர் பூண்டனர். அவர்களுள் நம்மவர் பலர். அத்துறவுகள் அரசிதழில் அச்சேறின. முப்பாட்டனார் பெயரைத் தேடுவோர்க்கு அவ்வொரு வரி பெருந்துணையாகும்.

லாஸ்பேட்டையில் நம் வீட்டுத் தகரப்பெட்டிகளிலும் பழைய பத்திரிகைகள் இருத்தல் கூடும். கரையான் முந்திக்கொள்ளுமுன் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுவோம். மடிப்பை வலிந்து நிமிர்த்தாமல், பகல் வெளிச்சத்தில் கைப்பேசியை நேர்மேலே பிடித்துப் படமெடுத்தாலும் போதும். இதழின் பெயரையும் தேதியையும் உடனே படத்திற்குப் பெயராக இடுக. படிகளை ஈரிடங்களில் வைக்க. ஆனால் எழுத்துணரி மென்பொருளை முழுதும் நம்பற்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவங்களில் அது தடுமாறும். (யானைத் துதிக்கை போன்ற பழைய லை, னை ஆகியவற்றை நம் மாணவர்களும் அச்சுப்பிழை என்றே எண்ணுகின்றனர்!) ஆகவே பாட்டிமாரை அருகில் அமர்த்திப் படியுங்கள்.

முன்னொருகால் ஆய்வுக்கென ஒருவர் நம்மிடம் பெற்றுச் சென்ற தாள்கள் இன்றுவரை திரும்பவில்லை. ஆதலின் எவரும் தாளைத் தந்துவிட வேண்டா. எடுத்து வாருங்கள், கண்ணெதிரே படமெடுத்து அப்பொழுதே திருப்பித் தருவோம்.