டேப்லெட் பெரிதாக இருந்தால் நிறம் சரியாக இருக்குமா?

(கம்யூனிட்டி ஹாலில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார். காரணம் உங்களுக்குத் தெரியும். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க மூன்று ஷேடுகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். இரண்டாவது ஷேடைப் பார்த்து ஒருவர் "கோயில் சுவர் மாதிரி காவியாக இருக்கிறது" என்றார். இன்னொருவர் "நல்ல செங்கல் நிறம்" என்றார். மூன்றாமவர் "இது சுத்த ஆரஞ்சு, வேண்டவே வேண்டாம்" என்றார். மூவரும் பார்த்தது ஒரே படம். கடைசியாக ஒரு செய்தி வந்தது: "என்னிடம் இருப்பது பெரிய டேப்லெட். அதில் தெரிவதுதான் சரியான நிறம்." அதோடு விவாதம் நின்றுவிட்டது. நின்றது எனக்கு ஒப்பவில்லை. நான் ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருடம் இருந்தவன். நிறத்துக்காக வாடிக்கையாளர்களோடு வாதாடியே தலை நரைத்தது. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

ஸ்க்ரீனின் அளவுக்கும் அதில் தெரியும் நிறத்தின் தரத்துக்கும் நேரான சம்பந்தம் கிடையாது. சில வருடங்களில் பெரியது ஜெயித்திருக்கிறது, சில வருடங்களில் சின்னது ஜெயித்திருக்கிறது. இதற்கு ஐபேடின் கதையே போதும்.

2013 நவம்பரில் ஆப்பிள் இரண்டு டேப்லெட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று 9.7 அங்குல ஐபேட் ஏர், மற்றது ரெட்டினா திரையோடு வந்த 7.9 அங்குல ஐபேட் மினி. அமெரிக்காவில் ஆரம்ப விலை 499 டாலர், 399 டாலர். உள்ளே இருந்த ப்ராசஸர் ஒரே குடும்பம். புள்ளிகளின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றேதான்: 2048-க்கு 1536. அதே எண்ணிக்கையைச் சின்னத் திரையில் அடைத்ததால் மினியில் ஒரு அங்குலத்துக்கு 326 புள்ளிகள், ஏரில் 264. எழுத்து மினியில்தான் இன்னும் கூர்மையாகத் தெரியும். பெட்டியின் மேல் போட்டிருந்ததைப் படித்தவர் யாராக இருந்தாலும் "சின்னது கொஞ்சமும் குறைச்சல் இல்லை" என்றுதான் நினைத்திருப்பார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவைத் திறந்தால் கதை வேறு. ஏரில் தக்காளி தக்காளியாக இருக்கும். மினியில் அதே தக்காளி வெளிறி, சற்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். நீலமும் பச்சையும்கூட அடங்கியே தெரியும். கருவி வைத்து அளந்தவர்கள் இதை அப்போதே எழுதினார்கள். எஸ்-ஆர்ஜிபி என்று ஒரு பொது அளவுகோல் உண்டு. ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-இல் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமாக ஆனது. ஒரு ஸ்க்ரீன் எவ்வளவு ஆழமான சிவப்பு, பச்சை, நீலம் வரை போக வேண்டும் என்பதற்கு அது ஒரு வேலி மாதிரி. ஏர் அந்த வேலி முழுவதையும் தொட்டது. மினியோ அறுபது விழுக்காட்டைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம் வந்த மினி 3-இலும் அதே திரைதான். 2015-இல் மினி 4 வந்த பிறகுதான் சின்னது முழு எஸ்-ஆர்ஜிபியைத் தொட்டது.

ஏன் இப்படி? எல்சிடி திரையில் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் வருகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் இருக்கின்றன. நிறம் சுத்தமாக வேண்டுமானால் வடிகட்டி கெட்டியாக இருக்க வேண்டும். டிகாஷன் கெட்டியாக வேண்டும் என்றால் ஃபில்டரில் தூளை அழுத்துகிறோம், அது மெதுவாக இறங்கும், இல்லையா? அதே மாதிரி வடிகட்டி கெட்டியானால் வெளிச்சம் குறைவாக வெளியே வரும். ஒரு அங்குலத்தில் புள்ளிகளை நெருக்கி அடைத்தால், வெளிச்சம் வரும் ஜன்னல்களும் சிறுத்துவிடும். இரண்டு நஷ்டத்தையும் ஈடுகட்டப் பின்விளக்கைக் கூட்ட வேண்டும், அதற்குப் பேட்டரி வேண்டும். சின்ன டேப்லெட்டில் பேட்டரிக்கு இடம் ஏது? அப்போது எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். நிறத்தை விட்டுக்கொடுத்தால் கடையில் நின்று பார்க்கிறவருக்கு உடனே தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியென்றால் பெரியதே வாங்கலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். 2015 நவம்பரில் 12.9 அங்குல ஐபேட் ப்ரோ வந்தது, தாம்பாளம் மாதிரி. அதன் நிற வேலி எஸ்-ஆர்ஜிபிதான். நான்கே மாதம் கழித்து 2016 மார்ச்சில் 9.7 அங்குலத்தில் சின்ன ப்ரோ வந்தது. அதற்கு பி3 என்ற அகலமான வேலி, எஸ்-ஆர்ஜிபியைவிடச் சுமார் கால் பங்கு கூடுதல். அறையின் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வெள்ளையை மாற்றிக்கொள்ளும் ட்ரூ டோனும் அதில்தான் முதலில் வந்தது. அதிக விலை கொடுத்துப் பெரியதை வாங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 2019-இலும் இதே தலைகீழ்தான். 7.9 அங்குல மினிக்கு பி3 உண்டு, கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருக்கும். அதே வருடம் வந்த 10.2 அங்குலச் சாதா ஐபேடுக்கு இரண்டும் கிடையாது.

சாம்சங்கிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கேலக்ஸி டேப் எஸ்8 என்று 2022-இல் வந்த வரிசையில் 11 அங்குலத்துக்கு எல்சிடி திரை. 12.4, 14.6 அங்குலங்களுக்கு அமோலெட். பெயர் ஒரே குடும்பம், விளம்பரமும் ஒன்று, உள்ளே திரை வேறு ஜாதி. அமோலெட்டில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், ஏனென்றால் அந்தப் புள்ளி அணைந்தே விடும். 2023-இல் வந்த எஸ்9 வரிசையில் மூன்று அளவுக்கும் அமோலெட் கொடுத்துவிட்டார்கள். ஆகவே "எங்கள் மச்சான் வைத்திருக்கிறார், பிரமாதமாக இருக்கிறது" என்று கேட்டுவிட்டு அதே பெயரில் சின்னது வாங்குகிறவர்கள், மாடலோடு அளவையும் சேர்த்துச் சொல்லி விசாரியுங்கள்.

இன்னொரு குழப்பம்: அகலமான வேலி என்றாலே சரியான நிறம் என்று அர்த்தம் இல்லை. சாம்சங்கின் அமோலெட் டேப்லெட்டுகளில் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்க்ரீன் மோட் என்று இருக்கும், அதில் விவிட், நேச்சுரல் என்று இரண்டு. விவிட்டில் எல்லா நிறத்தையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அதில் பார்த்து அரக்கு நிறப் புடவைக்கு ஆர்டர் கொடுத்தால், வந்து இறங்குவது வேறாக இருக்கும். என்னைக் கேட்டால் சினிமாவுக்கு விவிட், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நேச்சுரல்.

அதைவிடப் பெரிய வில்லன் ராத்திரி மோட். நைட் ஷிஃப்ட், ஐ கம்ஃபர்ட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: நீலத்தைக் குறைத்து எல்லாவற்றின் மேலும் மஞ்சள் பூசுவது. நம் வாக்கெடுப்புக்குப் பாதிப் பேர் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பதில் போட்டிருக்கிறார்கள், நான் நேரத்தைப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் மஞ்சள் கண்ணாடி வழியாக ஓட்டுப் போட்டார்களோ!

இதில் விளையாட்டில்லாத ஒன்றும் உண்டு, பேரன் பேத்தி பிறந்த வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று வெளியூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கான்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்கம் கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்தியிருக்கும், இந்தப் பக்கம் டேப்லெட் தன் இஷ்டத்துக்கு. நேரில் பார்க்கும்போதே கண் அளவு போதாது என்றுதான் டாக்டர்கள் கருவி வைத்தோ ரத்தம் எடுத்தோ பார்க்கிறார்கள். எந்த அளவு ஸ்க்ரீனும் அதற்குப் பதில் ஆகாது. சந்தேகம் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சரி, அளவுக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது, ஆனால் அது நம் கண்ணில் இருக்கிறது. ஒரே நிறம் சின்னத் துண்டாக இருக்கும்போது ஒரு மாதிரியும், பார்வையை நிரப்பும் அளவுக்குப் பரவும்போது இன்னொரு மாதிரியும் தெரியும். பெரிய பரப்பில் பெரும்பாலும் கொஞ்சம் வெளுப்பாகவும் அதே சமயம் பளிச்சென்றும் தோன்றும். ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவில் சாந்தமாக இருந்த நிறம், நான்கு மாடிச் சுவரில் ஏறியதும் கத்துவது இதனால்தான். 13 அங்குல டேப்லெட்டுக்கும் 8 அங்குல டேப்லெட்டுக்கும் நடுவிலும் இந்த வித்தியாசம் லேசாக உண்டு. ஆனால் சின்னதை நாம் முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொள்வதால் அது பெரும்பாலும் ஈடாகிவிடும்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி உள்ள மாடல்களில் பிரதிபலிப்பு கூடும். பால்கனியில் உட்கார்ந்து பார்த்தால் வானம் நிறத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் சாயம் போன துணி மாதிரி தெரியும். அச்சகத்தில் ப்ரூஃப் தாளைப் பார்க்க 5000 கெல்வின் விளக்கு என்று தனியாக வைத்திருப்போம். வாடிக்கையாளர் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினால் முதலாளியே பின்னால் ஓடுவார்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது: நிற வரம்பு எஸ்-ஆர்ஜிபியா பி3-யா, திரை ஒட்டியதா, எல்சிடியா ஓஎல்இடியா. உங்கள் போனில் இருக்கும் ஒரு போட்டோவை, ஆள் முகமும் பழமும் இலையும் உள்ளதாக, கடை டேப்லெட் இரண்டிலும் திறக்கச் சொல்லுங்கள். கடையின் டெமோ வீடியோவை நம்பாதீர்கள், அது எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்காகவே எடுத்தது. முகத்தைப் பாருங்கள். தோல் நிறத்தில் தப்பு நடந்தால் நம் கண் உடனே பிடித்துவிடும்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஷேட் கார்டைப் போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, நூற்றுக்கணக்கான திரைகளில் பார்த்து எடுத்த ஓட்டு அது. திரை வெளிச்சத்தை உமிழ்கிறது, சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு உசத்தியான திரையும் பி பிளாக் மேற்குச் சுவரின் சாயங்கால வெயிலைக் காட்டாது. ஒருமுறை அடித்தால் பல வருடத்துக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், பணமும் எல்லோருடைய கார்ப்பஸ் நிதியிலிருந்து போகிறது. அதனால் கமிட்டிக்கு என் கோரிக்கை: அந்த ஓட்டைத் தள்ளிவைத்து, மூன்று ஷேடையும் கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று என நான்கடிக்கு நான்கடி இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் எல்லோரும் நடக்கும்போது பார்க்கட்டும். பிறகு ஓட்டு வைக்கலாம். சாம்பிள் டப்பாக்களின் செலவு மொத்த எஸ்டிமேட்டில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

இந்த மேசையில் இரண்டு டேப்லெட் வைத்திருக்கிறேன். ஒன்று 2013-இன் மினி, சி பிளாக் மாமி பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. மற்றது போன வருடம் வாங்கியது. இரண்டிலும் நம் இரண்டாவது ஷேட் திறந்திருக்கிறது, ராத்திரி மோட் அணைத்திருக்கிறேன், வெளிச்சமும் ஒரே மாதிரி வைத்திருக்கிறேன். பக்கத்தில் அசல் ஷேட் கார்டும் இருக்கிறது. காபி வருவதற்குள் வரிசையாக வந்து பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு என்று சொன்னவர் முதலில் வரட்டும்.